ரஞ்சியின் முதல் பந்து

மொரப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன் 1909 ஜூன் 6-ஆம் தேதி, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மொரப்பாக்கம் கிராமத்தில் பிறந்தார். வலதுகை மித வேகப்பந்து வீச்சாளர். இந்தியாவுக்காகக் கிரிக்கெட்டும் ஹாக்கியும் ஆடியவர். ரஞ்சி கோப்பையின் முதல் பந்தை வீசியதும் அவருடைய கைதான். டெஸ்ட் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஒரே ஒரு ஆட்டம், ஒரே ஒரு விக்கெட். அந்த வரியை மட்டும் படித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டால், கால் நூற்றாண்டு சென்னை அணியின் பந்துவீச்சைத் தோளில் சுமந்த ஒரு மனிதரைத் தவற விட்டுவிடுவோம்.

கோபாலனின் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. அவருடைய கிரிக்கெட் வாழ்க்கையை நிர்ணயித்தது இந்த இடப்பெயர்ச்சிதான் என்று சொல்லத் தோன்றுகிறது. திருவல்லிக்கேணியிலிருந்து சேப்பாக்கம் மைதானம் நடந்து போகும் தூரம். மாடவீதியில் பந்து போடும் பையன் சாயங்காலம் மைதானத்து வேலிக்கு வெளியே நின்று பெரிய ஆட்டக்காரர்களைப் பார்க்கலாம். திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் சேரலாம். நன்றாக வீசினால் நாலு பேர் கண்ணில் படலாம். மொரப்பாக்கத்திலேயே இருந்திருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

அதே காலத்தில் தமிழகத்தின் தென்மேற்கே உள்ள தேனிப் பகுதியை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். போடிநாயக்கனூரிலிருந்து மதுரைக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்ததே 1928-இல்தான். கம்பத்திலோ சின்னமனூரிலோ கூடலூரிலோ தோள் வலுவுள்ள ஒரு பையன் எவ்வளவு வேகமாகப் பந்து போட்டாலும், அதைப் பார்த்துச் சொல்லச் சேப்பாக்கத்தில் ஆள் கிடையாது.   கோபாலனின் கதை நெடுகிலும் இந்தத் தூரக் கணக்கு வந்துகொண்டே இருக்கிறது. கம்பத்துக்குச் சென்னை எப்படியோ, அன்றைய சென்னைக்குப் பம்பாயும் லாகூரும் அப்படி.

மரத்தடிச் சாப்பாடு

சேப்பாக்கம் மைதானம் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்புடையது. 1846-இல் தொடங்கிய அந்தக் கிளப் வெள்ளையர்களுக்கு மட்டுமானது. இந்தியர்கள் அங்கே ஆட வந்தால் பெவிலியனில் இடம் கிடையாது, மதியச் சாப்பாட்டை மரத்தடியில் முடித்துக்கொள்ள வேண்டும். இந்த அவமானம் பொறுக்காமல்தான் புச்சிபாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். தன் சொந்தப் பணத்தில் மட்டையும் பந்தும் உடையும் வாங்கிக் கொடுத்துப் பையன்களை வளர்த்தார். ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் நேருக்கு நேர் மோதும் ஆட்டத்துக்கு முயற்சி எடுத்தவரும் அவரே. அது நடக்கும் முன்பே, 1908-இல் மறைந்துவிட்டார். பின்னால் பொங்கலை ஒட்டி நடந்த அந்தப் பிரெசிடென்ஸி ஆட்டம் சென்னையின் பெரிய கிரிக்கெட் திருவிழாவாகவே ஆயிற்று.

கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் தங்கள் குடும்பத்தில் ஒருவராக நினைக்கும் ஒரு வெள்ளைக்காரருக்கும் அந்தச் சென்னைக் கிரிக்கெட்டில் இடம் உண்டு. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி 1895-இல் தண்ணீரைக் கிழக்கே திருப்பிய பென்னிகுயிக் கிரிக்கெட்டில் தீராத ஆர்வம் கொண்டவர்.  கல்லூரி அணிகள் மோதிய கிரிக்கெட் போட்டி ஒன்றுக்கு அவர் பெயரில் கோப்பை இருந்தது. லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் மாலை போடுகிறவர்களில் இதை அறிந்தவர்கள் சிலரே இருப்பார்கள்.

கோபாலனைக் கண்டெடுத்தவரும் ஒரு வெள்ளையர்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கும் கென்ட் அணிக்கும் ஆடிய சி.பி. ஜான்ஸ்டன், சென்னையில் பர்மா ஷெல் கம்பெனியில் அதிகாரி. ஐரோப்பியர் அணியின் முன்னணி ஆட்டக்காரர், பிறகு சென்னை மாகாண அணிக்குக் கேப்டன். திருவல்லிக்கேணிப் பையனின் பந்துவீச்சைப் பார்த்த ஜான்ஸ்டன் அவருக்குப் பர்மா ஷெல்லில் வேலை வாங்கிக் கொடுத்தார். இது சின்ன உதவியல்ல. அன்றைக்குக் கிரிக்கெட் ஆடிச் சம்பாதிக்க வழியே இல்லை. ஆடப் போக லீவு கொடுக்கிற, திரும்பி வந்தால் நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிற ஒரு கம்பெனி கிடைத்தால்தான் நடுத்தரக் குடும்பத்துப் பையன் தொடர்ந்து ஆட முடியும். 1920-களின் பிற்பகுதியிலேயே கோபாலன் பிரெசிடென்ஸி ஆட்டத்தில் இந்தியர் அணியின் பந்துவீச்சாளராகிவிட்டார். வேலை கொடுத்த ஜான்ஸ்டனுக்கு எதிராகவே புதுப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவரும் நிலை அவருக்கு வந்தது. ஜான்ஸ்டன் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை என்பதற்கு, பின்னாளில் தன் அணியில் முதல் ஓவரை அவர் கையில் கொடுத்ததே சாட்சி.

பாய் விக்கெட்

கோபாலன் எப்படி வீசினார் என்பதைப் புரிந்துகொள்ள அவர் காலத்து ஆடுகளத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தென்னிந்தியாவின் பல மைதானங்களில் அன்று புல் ஆடுகளம் கிடையாது. கெட்டித்த மண்தரை மேல் தேங்காய் நார்ப் பாயை விரித்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, இரும்பு ஆணி அடித்து இறுக்குவார்கள். அதுதான் பாய் விக்கெட். இன்றைக்கும் தேனி மாவட்டத்து மைதானங்களில் ஆடுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலையில் பாயைச் சுருட்டித் தோளில் தூக்கி வந்து விரிப்பது முதல், சாயங்காலம் செம்மண்ணை உதறிச் சுருட்டுவது வரை அவர்களே செய்கிற வேலை.

பாயை எவ்வளவு இறுக்குகிறோமோ அதைப் பொறுத்துப் பந்தின் குணம் மாறும். நன்றாக இறுகிய பாயில் பந்து பட்டதும் சடக்கென்று எழும்பி, மட்டையாளரின் விலா உயரத்துக்கு வரும். கொஞ்சம் தளர்வாக இருந்தால் நார் பந்தின் தையலைப் பற்றிக்கொள்ளும். விரலால் பந்தை வெட்டி விடத் தெரிந்தவனுக்கு அது வரம். நேராக வருவதுபோல் வந்து, பாயில் பட்டதும் ஆஃப் ஸ்டம்பைத் தாண்டி விலகும் அந்தப் பந்தை மட்டையாளர் தொடாமல் விடுவதும் கஷ்டம், தொடுவதும் ஆபத்து. வெறும் வேகம் மட்டும் உள்ளவனைவிட, அளவு தவறாமல் ஒரே இடத்தில் குத்தக் கூடியவனுக்குத்தான் பாய் விக்கெட் நன்றாகக் கைகொடுக்கும். கோபாலனைப் போன்ற மித வேகப்பந்து வீச்சாளர்களை வளர்த்தது இந்தக் களம்.

1930-31 பருவத்தில் விஜயநகரம் இளவரசர் விஸ்ஸி ஒரு கிரிக்கெட் அணியைத் திரட்டி இந்தியாவையும் இலங்கையையும் சுற்றிவந்தார். அவர் அழைத்து வந்தவர்களில் இங்கிலாந்தின் தொடக்க ஜோடியான ஜாக் ஹாப்ஸும் ஹெர்பர்ட் சட்கிளிஃபும் இருந்தார்கள். உலகமே தலைசிறந்த மட்டையாளர் என்று ஒப்புக்கொண்ட ஹாப்ஸின் விக்கெட்டைக் கோபாலன் வீழ்த்தினார். அதன் பிறகு அவர் பெயர் சென்னைக்கு வெளியிலும் பேசப்பட்டது.

கல்கத்தாவில் நான்கு நாள்

இந்தியா தன் முதல் டெஸ்டை 1932 ஜூனில் லார்ட்ஸில் ஆடியது. அடுத்த தொடர் இந்தியாவிலேயே. ஆஸ்திரேலியாவில் உடம்பைக் குறிவைத்து வீசச் சொல்லிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பிய டக்ளஸ் ஜார்டின், அந்தப் பரபரப்பு அடங்குமுன்பே 1933-34-இல் இங்கிலாந்து அணியுடன் இங்கே வந்தார். பம்பாயில் நடந்த முதல் டெஸ்டில் இந்தியாவுக்குத் தோல்வி. இரண்டாவது டெஸ்ட் 1934 ஜனவரி 5-ஆம் தேதி கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் தொடங்கியது. சி.கே. நாயுடு தலைமையிலான அணியில் நான்கு புதுமுகங்கள்: திலாவர் ஹுசைன், முஷ்டாக் அலி, சி.எஸ். நாயுடு, கோபாலன்.

அந்த அணியில் புதுப் பந்து முகமது நிசாருக்கும் அமர் சிங்குக்கும் சொந்தம். நிசார் இந்தியாவின் மிக வேகமான பந்துவீச்சாளர். அமர் சிங்கின் பந்து காற்றில் வளைந்து, தரையில் பட்டுச் சீறும். இந்த இருவரும் உடல்நலத்தோடு இருக்கும்வரை மூன்றாவது வேகப்பந்து வீச்சாளருக்குப் பழைய பந்தும் இடைவேளை ஓவர்களும்தான் மிஞ்சும். கோபாலனுக்கும் அதுதான் நடந்தது. இங்கிலாந்து 403 ரன் எடுத்த அந்த இன்னிங்ஸில் அவர் 39 ரன் கொடுத்து ஒரு விக்கெட் எடுத்தார். நானூறு ரன் அடித்த எதிரணிக்கு எதிராக இது மோசமான கணக்கல்ல.

இந்தியா 247-க்கு ஆட்டமிழந்து ஃபாலோ ஆன் ஆடியது. திலாவர் ஹுசைன் தலையில் அடிபட்டு வெளியேறி, கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து 59 ரன் எடுத்தார், இரண்டாவது இன்னிங்ஸில் இன்னொரு 57. பின்வரிசையில் இறங்கிய கோபாலன் முதல் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 11, இரண்டாவதில் 7. ஆட்டம் டிராவில் முடிந்தது.

மூன்றாவது டெஸ்ட் 1934 பிப்ரவரி 10-இல் சேப்பாக்கத்தில். சென்னை பார்க்கும் முதல் டெஸ்ட் அது. கோபாலன் வளர்ந்த வீதியிலிருந்து கூப்பிடு தூரம். அந்த அணியில் அவர் பெயர் இல்லை. அமர் சிங் 86 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தும் இந்தியா 202 ரன்னில் தோற்றது. சொந்த மைதானத்து மண்ணின் குணத்தைக் கால் விரலால் அறிந்த ஒருவரை அங்கே வெளியே உட்கார வைத்தது சரியான முடிவாகப் படவில்லை. அன்றைய தேர்வில் பம்பாய்க்கும் வடநாட்டுச் சமஸ்தானங்களுக்கும் இருந்த குரல் சென்னைக்குக் கிடையாது. இதே காரணத்தால்தான் சென்னையின் மற்றொரு பெரும் ஆட்டக்காரரான ஏ.ஜி. ராம்சிங் ஒரு டெஸ்ட் கூட ஆடாமலே போனார். அவருடைய பிள்ளைகள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் பின்னால் டெஸ்ட் ஆடி அந்தக் குறையை ஓரளவு தீர்த்தார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் சிம்லாவில் கூடிய கிரிக்கெட் வாரியக் கூட்டத்தில் மாகாணங்களுக்கிடையே ஒரு தேசியப் போட்டி நடத்துவதென்று பேச்செழுந்தது. ரஞ்சித்சிங்ஜியின் பெயரில் கோப்பை வந்தது. அந்தப் போட்டியின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில், சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடந்தது. சென்னைக் கேப்டன் ஜான்ஸ்டன் பந்தைக் கோபாலனிடம் கொடுத்தார். மைசூரின் தொடக்க ஆட்டக்காரர் கர்டிஸ் எதிர்கொண்டார். ரஞ்சி கோப்பையின் முதல் பந்து அது.

ஆட்டம் அன்று பொழுது சாய்வதற்குள் முடிந்தும் போயிற்று. மைசூர் 48-க்குச் சுருண்டது. சென்னை 130. மறுபடி மைசூர் 59. இன்னிங்ஸ் மற்றும் 23 ரன்னில் சென்னைக்கு வெற்றி. இடதுகைச் சுழலில் ராம்சிங் 19-க்கு 6, 16-க்கு 5 என்று மொத்தம் 35 ரன்னுக்கு 11 விக்கெட் சாய்த்தார். மூன்று நாள் ஆட வேண்டிய ஆட்டம் ஒரே நாளில் முடிந்த கதையை ரஞ்சி வரலாறு எழுதுகிற யாரும் விடுவதில்லை.

லண்டனா, பெர்லினா

கிரிக்கெட்டில் சென்னைக்கு வெளியே வாய்ப்புக்காக ஏங்கிய கோபாலனை ஹாக்கி கைநீட்டி அழைத்துக்கொண்டது. மட்டையும் பந்தும் போலவே ஹாக்கி மட்டையும் அவருக்குச் சுலபமாக வசப்பட்டது. 1935-இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன இந்திய ஹாக்கி அணியில் அவரும் இருந்தார். அந்தப் பயணத்தில் இந்தியா 48 ஆட்டங்கள் ஆடியது. நாற்பத்தெட்டிலும் வெற்றி. அடித்த கோல் 584. எந்த விளையாட்டிலும் இப்படியொரு சுற்றுப்பயணக் கணக்கைக் காண்பது அரிது. 1928-லும் 1932-லும் ஒலிம்பிக் தங்கம் வென்ற நாடு அது. அந்த அணியில் ஆடுவது உலகின் மிகச் சிறந்த ஹாக்கி அணியில் ஆடுவதாகும்.

1936 வந்தது. ஒரே கோடையில் இரண்டு பயணம். பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஹாக்கி அணி, இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் அணி. கோபாலனுக்கு இரண்டு கதவும் திறந்திருந்தன. ஒன்றில்தான் நுழைய முடியும். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

இந்த முடிவைச் சொல்லி உச்சுக்கொட்டுவது வழக்கமாகிவிட்டது. முடிவு தெரிந்தபின் உச்சுக்கொட்டுவது எளிது. அவர் இடத்தில் நின்று பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். அவரை ஆளாக்கியது கிரிக்கெட், வேலை வாங்கித் தந்ததும் கிரிக்கெட். ஒரே டெஸ்ட் ஆடி விலக்கப்பட்ட 27 வயதுப் பந்துவீச்சாளருக்கு, ஈரக்காற்றும் பசும்புல்லும் பந்தை வளைக்கிற இங்கிலாந்தில் தன்னை நிரூபிக்க ஒரு வாய்ப்பு. எந்தப் பந்துவீச்சாளன் அதை விடுவான்?

அந்தப் பயணமோ பிளவுபட்ட அணியின் பயணமாகப் போயிற்று. ஆட்டத்திறனால் அல்லாமல் செல்வாக்கால் கேப்டனான விஸ்ஸிக்குக் கீழே அணி கோஷ்டிகளாகப் பிரிந்தது. முதல் டெஸ்டுக்கு முன்பே லாலா அமர்நாத் ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார். மான்செஸ்டரில் விஜய் மெர்ச்சென்ட்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ரன் சேர்த்தது மட்டும் அந்தத் தொடரில் நெஞ்சில் நிற்கும் காட்சி. சென்னையிலிருந்து கோபாலனுடன் போயிருந்த கோட்டா ராமஸ்வாமி, புச்சிபாபுவின் மகன். 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். நாற்பது வயதில் இரண்டு டெஸ்ட் ஆடி, நான்கு இன்னிங்ஸிலும் உருப்படியாக ரன் எடுத்தார். கோபாலனுக்கு மூன்று டெஸ்டில் ஒன்றிலும் இடம் கிடைக்கவில்லை.

தொடரின் கடைசி டெஸ்ட் 1936 ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஓவல் மைதானத்தில் தொடங்கியது. அன்று வாலி ஹாமண்டின் மட்டை இந்தியப் பந்துவீச்சைப் புரட்டியெடுத்தது, பிறகு 217 வரை போனது. கோபாலன் அணியில் இல்லை. மழையால் ஒரு நாள் தள்ளிப்போன பெர்லின் ஹாக்கி இறுதி ஆட்டமும் அதே ஆகஸ்ட் 15-இல்தான் நடந்தது. ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தித் தியான் சந்தின் அணி தங்கம் வாங்கியது. முந்தின வருஷம் தன்னோடு ஆடியவர்கள் மேடையேறிய நாளில் கோபாலன் லண்டனில் இருந்தார்.

அதன்பின் அவருக்கு டெஸ்ட் அழைப்பு வரவில்லை. 1936-க்குப் பிறகு இந்தியா பத்தாண்டுகள் டெஸ்டே ஆடவில்லை. யுத்தம் ஒரு தலைமுறையின் நல்ல வயதை விழுங்கிவிட்டது. இந்தியா மறுபடி டெஸ்ட் ஆடியபோது கோபாலனின் வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் சென்னைக்கு அவர் தொடர்ந்து வீசினார். வேகம் குறையக் குறைய அளவு கூர்மையானது. மட்டையிலும் கை கொடுத்தார், அணிக்குக் கேப்டனாகவும் இருந்தார். முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்த விக்கெட் ஏறத்தாழ இருநூறு. ஆண்டுக்குச் சில ஆட்டங்களே கிடைத்த காலத்தில் இந்தக் கணக்கைச் சேர்க்க எத்தனை வருஷம் உடம்பைக் கட்டிக்காத்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னை வேகப்பந்தின் அடுத்த பெயரும் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்தான். மாமண்டூரில் பிறந்து சென்னைப் போலீஸில் பணிபுரிந்த சி.ஆர். ரங்காச்சாரி, 1948-இல் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 107 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். ஆடிய டெஸ்ட் நான்கு.

கடலுக்கு அந்தப் பக்கம்

1952-53-இல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே ஆண்டுப் போட்டி ஒன்று தொடங்கியது. கோபாலன் முதல்தரக் கிரிக்கெட்டில் கால் நூற்றாண்டைக் கடந்த வேளை. அந்தக் கோப்பைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். முதல் கோபாலன் கோப்பை ஆட்டத்தில் சென்னையை வழிநடத்தியவரும் அவரே. ஆடிக்கொண்டிருக்கும்போதே தன் பெயரிலான கோப்பைக்காகக் களமிறங்கிய பந்துவீச்சாளர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

இந்தப் போட்டியின் பெருமை சென்னையைவிட இலங்கையில் நன்றாகத் தெரியும். டெஸ்ட் அந்தஸ்து கிடைக்காத அந்த நாட்டுக்குத் தொடர்ந்து தரமான எதிரணி கிடைத்தது இங்கேதான். ஒரு முறை சென்னை, ஒரு முறை கொழும்பு என்று முப்பது ஆண்டுகள், நடுவில் சில இடைவெளிகளோடு, இலங்கையின் ஆட்டக்காரர்கள் கோபாலன் கோப்பையில் கை பழகினார்கள். 1982-இல் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியது. இந்தியாவுக்கு எதிராக அது ஆடிய முதல் டெஸ்டும் அதே ஆண்டு செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்தது. துலீப் மெண்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் 105 ரன் அடித்தார். இலங்கைக்கு இனி மாகாண அணியோடு ஆடித் தேற வேண்டிய அவசியம் இல்லாமல் போக, கோபாலன் கோப்பையும் அத்தோடு ஓய்ந்தது.

ஓய்வு பெற்றபின் கோபாலன் தேசியத் தேர்வாளராக இருந்தார். தன்னை ஒரு காலத்தில் கடந்துபோன அதே மேஜையில், இம்முறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். 1955-இல் பாலு அழகானன் தலைமையில் சென்னை, இந்தூரில் ஹோல்கர் அணியை வீழ்த்தி முதல்முறையாக ரஞ்சி கோப்பையைக் கொண்டுவந்தது. சேப்பாக்கத்தில் முதல் பந்து விழுந்து இருபது ஆண்டு கழித்து.

கோபாலன் நீண்ட காலம் வாழ்ந்தார். 2003 அக்டோபர் இறுதியில் நியூசிலாந்தின் லிண்ட்சே வெய்ர் மறைந்தபோது, உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களில் உலகிலேயே மூத்தவரானார். அதே ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி, 94-ஆம் வயதில், சென்னையில் காலமானார்.